பூச்சிப் பெட்டிகள் மண்ணாகும் முன்: அருங்காட்சியகங்கள் துறை ஆணையருக்கு நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் குன்னூருக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பெண். நீலகிரியிலும் பழனி மலையிலும் கல்லூரி ஆய்வகங்கள், ஆராய்ச்சி நிலையங்கள், மிஷன் நிறுவனங்கள், பழைய எஸ்டேட் பங்களாக்கள் என்று பல இடங்களில் ஊசி குத்திப் பாடம் செய்த பூச்சிகள் பெட்டிபெட்டியாக இருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து, ஒவ்வொரு ஊசியிலும் இருக்கும் லேபிளை எழுத்தாக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற உங்கள் துறை முன்வர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்த வேலையை இந்த மலைகளில் வாழ்கிறவர்களைக் கொண்டே செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

பெட்டிகள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியில் ஆய்வகத்தைப் புதுப்பித்தபோது பூச்சிப் பெட்டிகளை எல்லாம் வராந்தாவில் அடுக்கி வைத்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. வடகிழக்குப் பருவமழை முழுக்கப் பெட்டிகள் அங்கேயே இருந்தன. நான் போய்ப் பார்த்தபோது பாதிப் பெட்டிகளின் கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தது. அந்துருண்டை எப்போதோ கரைந்துபோய், அதைக் கட்டியிருந்த துணி மட்டும் மூலையில் கிடந்தது. சில ஊசிகளில் பூச்சியே இல்லை. அடியில் பழுப்பு நிறத் தூள்தான் இருந்தது. காய்ந்த பூச்சியைத் தின்னும் சின்ன வண்டு ஒன்று உண்டு. அதன் புழு உள்ளே புகுந்துவிட்டால், நூறு வருடம் தாக்குப்பிடித்த பூச்சி சில மாதங்களில் தூளாகிவிடும்.

அதில் ஓரளவு தப்பியிருந்த பெரிய அந்துப்பூச்சி ஒன்றை இடுக்கியால் மெல்ல வெளியே எடுத்தேன். பித்தளை ஊசி. பூச்சியின் உடம்புக் கொழுப்பும் செம்பும் சேர்ந்து ஊசியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு கட்டி, அந்த அழுத்தத்தில் மார்பே பிளந்திருந்தது. இறக்கைகள் மட்டும் அப்படியே இருந்தன. ஊசியின் கீழ்ப்பகுதியில் தபால்தலையில் பாதி அளவுக்கு மூன்று காகிதத் துண்டுகள். மேல் துண்டில் பர்லியாறு என்ற ஊர்ப் பெயரும் 2500 அடி என்ற உயரமும். அடுத்ததில் ஒரு ஜூன் மாதத் தேதியும், மை கசிந்துபோன ஒரு பெயரும். கடைசித் துண்டில், அது என்ன இனம் என்று பிற்பாடு யாரோ ஒரு நிபுணர் பார்த்து எழுதிய லத்தீன் பெயர்.

பொதுமக்கள் பூச்சியின் இறக்கையைத்தான் பார்ப்பார்கள், அதுதான் இயல்பு. ஆனால் அறிவியலுக்கு உயிர் அந்த மூன்று காகிதத் துண்டுகளில் இருக்கிறது. எந்த இடம், எந்த உயரம், எந்த நாள், யார் பிடித்தது என்ற விவரம் இல்லாத பூச்சி, சர்வே எண் இல்லாத பட்டா மாதிரி. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் பூச்சியைப் படம் எடுப்பதோடு நிற்காமல் லேபிளைப் படியுங்கள் என்று கேட்கிறேன்.

நம் மலைப் பூச்சிகளை ஆராய்ந்தவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. தேயிலைத் தோட்டக்காரராக நீலகிரிக்கு வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் இங்கேதான் அந்துப்பூச்சிகள்மேல் பித்தானார். 1891-ல் நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றியே தனி நூல் கொண்டுவந்தார். அதன்பின் 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள். மருத்துவ அதிகாரியாக இந்தியா வந்த ஃப்ரேசர், தென்னிந்திய ஓடைகளில் எல்லாம் தட்டான் பிடித்து, 1933-க்கும் 1936-க்கும் இடையில் மூன்று தொகுதிகள் எழுதினார். நீலகிரியின் பட்டாம்பூச்சிகளை ஹாம்ப்சன் 1880-களில் பட்டியலிட்டார். 1940-களில் வின்டர் பிளைத் மறுபடியும் பட்டியலிட்டார். 1980-களில் டென்மார்க்காரரான டார்பென் லார்சன் இன்னொரு முறை. ஒரே மலைக்கு நூறு வருடத்துக்குள் இப்படி மூன்று கணக்கு கிடைப்பது இந்தியாவில் அபூர்வம். ஆனால் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் பெயர்கள்தான். எந்தத் தேதியில், எந்த ஓடைக்கரையில் என்று சொல்வது ஊசியில் இருக்கும் லேபிள். அந்தப் பூச்சிகளில் ஏராளமானவை லண்டனில் இருக்கின்றன.

இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய நம்மவர் ஒருவர் உண்டு. காரைக்கால் வட்டாரத்தைச் சேர்ந்த சூசை நாதன். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல பத்தாண்டுகள் தென்னிந்தியா முழுக்கப் பூச்சி சேகரித்து, உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களுக்கு எல்லாம் அனுப்பியவர். நீலகிரியில் சேரங்கோடு, தேவாலா, நடுவட்டம், சிங்காரா என்று அவர் கால் படாத இடம் குறைவு. மழைக்காலத்தில் சுவரில் நீண்ட கால்களோடு பெரிய கொசு போல ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பூச்சி வகையில் மட்டும் 11,000-க்கும் மேற்பட்ட புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் அலெக்சாண்டர். அவருக்குத் தென்னிந்தியாவிலிருந்து போன பூச்சிகளில் ஏராளமானவை நாதன் பிடித்தவை. நாதனின் பெயரையே தாங்கிய பூச்சி இனங்கள் பல உண்டு. வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஊசிக்கு அடியில் அவர் பெயரைத் தினமும் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? அவராவது லேபிளில் இருக்கிறார். தோட்டக்காரத் துரைகளுக்கு வலையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள், எந்த மரத்தில் எந்த வண்டு வரும் என்று காட்டிக்கொடுத்தவர்கள் பெயர் எந்த லேபிளிலும் இல்லை.

இந்த வேலைக்கு மலைக்காரர்களே வேண்டும் என்று ஏன் கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன். லேபிளில் உள்ள ஊரை வரைபடத்தில் ஒரு புள்ளியாக மாற்றினால்தான் அது தரவாகப் பயன்படும். லண்டனிலோ வாஷிங்டனிலோ உட்கார்ந்து அதைச் செய்கிறவர் என்ன செய்வார் பாவம்? கணினியில் தேடுவார். கல்லாறு என்று தேடினால் மேட்டுப்பாளையத்துக்கு மேலே இருக்கும் நம் கல்லாறும் வரும், கேரளத்தில் இருக்கும் கல்லாறுகளும் வரும். நெட்டிவட்டம் என்று எழுதியிருந்தால் அது நடுவட்டம் என்பது கூடலூர் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும், கணினிக்குத் தெரியாது. சேரங்கோடு 3500 அடி என்றால் பந்தலூர்ப் பக்கம், வயநாட்டை ஒட்டிய மழைக்காடு. அதைக் குன்னூர்ச் சரிவில் புள்ளி வைத்தால் மழை, காடு, பூச்சி எல்லாமே தப்பாகிவிடும். பழனி மலை லேபிள்களில் தோப்பு என்று மட்டும் இருக்கும். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளத்துப் பக்கமிருந்து மலை ஏறத் தொடங்கிய இடம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. அந்த ஊர்க்காரர் ஒரு நொடியில் சொல்வார். கொடைக்கானல் என்று மட்டும் போட்டு 4000 அடி என்று உயரம் எழுதியிருந்தால், பூச்சி நகரத்தில் பிடிபட்டதாக இருக்க முடியாது, மலைப்பாதையில் எங்கோ கீழே பிடித்தது என்று உயரத்தை வைத்தே பிடித்துவிடலாம்.

வெறும் "நீலகிரி மலை" என்று மட்டும் எழுதிய லேபிள்களும் நிறைய. எங்கள் மாவட்டம் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர். மாயார் பள்ளத்தாக்கின் முள்காட்டிலிருந்து 2,637 மீட்டர் தொட்டபெட்டா உச்சி வரை எல்லாமே நீலகிரிதான். அந்த மாதிரி லேபிளுக்குப் புள்ளி வைப்பதைவிட, இடம் துல்லியமாகத் தெரியவில்லை என்று பதிவதுதான் நேர்மை. எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்து எழுதுவதும், லேபிளில் இருந்த எழுத்தை எழுத்துப் பிழையோடு அப்படியே தனிக் கட்டத்தில் வைத்திருப்பதும் இந்த வேலையின் அடிப்படை விதிகள்.

சரி, இதனால் என்ன பயன் என்று நிதித்துறை கேட்கும். என் அப்பா கேட்கிற கேள்வியையே பதிலாகச் சொல்கிறேன். தேயிலைக் கொசு என்று நாங்கள் சொல்லும் நாவாய்ப்பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சினால் இலை கருகிப்போகும். பச்சைத் தேயிலை ஃபேக்டரியில் எடுபடாது. கோத்தகிரி, மஞ்சூர்ப் பக்கத்துச் சிறு விவசாயிகள் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். "முன்னாடி இந்த உயரத்துல இது இருந்துச்சா?" என்று அப்பா கேட்பார். என்னால் பதில் சொல்ல முடியாது. பழைய தோட்டங்களில் பிடித்து, உயரமும் தேதியும் எழுதி வைத்த பூச்சிகள் எங்கோ ஒரு பெட்டியில் இருக்கும். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஒரு பூச்சி எந்த மாதம் வருகிறது, அந்த மாதம் முன்னுக்கு நகர்கிறதா என்பதும் இப்படித்தான் தெரியும். பிரிட்டனில் பழைய பட்டாம்பூச்சிச் சேகரிப்புகளைக் கணினியில் ஏற்றிய பிறகு, வெப்பமான வருடங்களில் அவை சீக்கிரமே கூட்டைவிட்டு வெளிவருகின்றன என்பதை அந்தத் தேதிகளை வைத்தே காட்டினார்கள்.

மலையில் இது இன்னும் அவசரம். சூடு ஏற ஏறக் குளிர்ந்த இடத்துப் பூச்சிகள் மேலே நகரும். தொட்டபெட்டாவுக்கு மேலே நகர இடம் கிடையாது. நீலகிரி, பழனி மாதிரி தென்னிந்திய உயர்மலைகளில் மட்டுமே வாழும் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி உண்டு. கருத்த விளிம்போடு புல்வெளியைத் தொட்டாற்போல் தாழப் பறக்கும். அதன் பங்காளி இனங்கள் பல இமயமலையிலும் ஐரோப்பாவிலும் உள்ள குளிர்ப் புல்வெளிகளில். 1859-லேயே நீலகிரியின் பெயரை வைத்து அதற்கு லத்தீன் பெயர் சூட்டிவிட்டார்கள். அதற்கு வேண்டியது புல்வெளி. பழனி மலையில் நாற்பது வருடங்களில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி, சீகை (வாட்டில்), தைலமரம், பைன் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இப்போது அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. மீட்டது சரியாக மீண்டதா என்று எதை வைத்து அளப்பது? அங்கே முன்பு என்னென்ன பறந்தன, ஊர்ந்தன என்பதற்கான சாட்சி பூச்சிப் பெட்டிகளில்தான் இருக்கிறது.

பெட்டிகள் பத்திரமாக இருந்தால்கூட ஆபத்து போய்விடாது. 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீயில் போனது. 2018 செப்டம்பர் 2 இரவு பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது ஐம்பது லட்சம் அளவுக்கான பூச்சிச் சேகரிப்பு சாம்பலானது. படமும் லேபிள் விவரமும் வேறு இடத்தில் இருந்திருந்தால் பூச்சி போனாலும் அதன் சாட்சியாவது மிஞ்சியிருக்கும்.

உலகத்தில் யாரும் செய்யாத வேலையை நான் கேட்கவில்லை. ஏறக்குறைய 8 கோடி பொருட்கள் உள்ள லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், படமும் தரவுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இணையத்தில் இலவசமாக வைத்துவருகிறது. பெர்லினில் பூச்சிகளைக் கன்வேயர் பெல்ட்டில் ஓடவிட்டு, பார்வையாளர்கள் கண்முன்னாலேயே படம் எடுக்கிறார்கள். கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 2001 முதல் இயங்கும் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளம், உலகமெங்கும் உள்ள நிறுவனங்கள் தரும் உயிரினப் பதிவுகளை ஒரே இடத்தில் திறந்து வைத்திருக்கிறது. டார்வின் கோர் என்ற பொது வடிவத்தில் தரவை எழுதினால் நம்முடையதும் அதில் சேர்ந்துவிடும்.

நமக்குக் கன்வேயர் பெல்ட் வேண்டாம். ஒரு நல்ல கேமரா, மேக்ரோ லென்ஸ், கேமராவைத் தலைகீழாகப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு, நிழல் விழாத விளக்கு, ஒவ்வொரு படத்திலும் வைக்க ஒரு சின்ன அளவுகோலும் நிற அட்டையும், ஒரு கணினி. முதலில் பெட்டியை மூடி திறந்து முழுதாக ஒரு படம். அப்புறம் ஒவ்வொரு ஊசியாக எடுத்து, லேபிள்களைக் கழற்றிப் பூச்சிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து ஒரு படம். ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணைச் சின்னக் க்யூஆர் துண்டாக அதே ஊசியில் குத்தி, லேபிள்களையும் பழைய வரிசையிலேயே மாட்டிவிட வேண்டும். நொறுங்கிப்போகும் நிலையில் உள்ளவற்றை முழுப் படத்தோடு விட்டுவிடலாம். கை வைத்தால் மிச்சமும் போகும். கையெழுத்து தெளிவாக இருக்கும் ஒருவரும், பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரும், பொறுமையான ஒருவரும் சேர்ந்தால் ஓர் அணி.

ஆணையர் அவர்களே, ஒன்றைத் தயவுசெய்து முதலிலேயே தடுத்துவிடுங்கள். டிஜிட்டல் என்றதும் டெண்டர் விட்டுப் பெரிய தொடுதிரை வாங்கி வாசலில் வைப்பது வழக்கமாகிவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் அது அணைந்துபோகும். அந்தப் பணத்தில் படம் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுங்கள். விலங்கியல் படித்துவிட்டு ஊட்டியில் ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்கும் என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். பெட்டி திறக்கும் அறையில் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றும், பூச்சிப் பெட்டியை உறைய வைத்துப் புழுவைக் கொல்ல ஒரு டீப் ஃப்ரீஸரும் வாங்கிக்கொடுங்கள்.

உதகை மைசூர் சாலையில் உங்கள் துறையின் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நீலகிரிக்கான வேலையை அங்கே ஓர் அறையில் தொடங்கலாம். 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர்களுக்குப் பூச்சிச் சேகரிப்பைப் பராமரித்த அனுபவம் உண்டு. அவர்கள் வந்து பயிற்சி தரலாம். கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018-ல் பூச்சிகளுக்கென்றே அருங்காட்சியகம் திறந்தது. இனம் காண அங்கே நிபுணர்கள் இருக்கிறார்கள். பழனி மலைக்குக் கொடைக்கானல் செண்பகனூர்தான் இயல்பான இடம். 1895-ல் அங்கே திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கிய சேசு சபைத் துறவிகள் செடி கொடி, பூச்சி, பாம்பு என்று சேர்த்து வளர்த்த அருங்காட்சியகம் அது. அது அரசுடையது அல்ல. அதனால் ஆணை போட முடியாது, அழைக்கத்தான் முடியும். பெட்டி அவர்களிடமே இருக்கட்டும், படமும் தரவும் மட்டும் பொதுவாகட்டும் என்று கேட்டால் பேச வழி இருக்கும் என்று நம்புகிறேன்.

எஸ்டேட் பங்களாப் பெட்டிகள்தான் எனக்கு மிகவும் கவலை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பட்டாம்பூச்சிகளும் உண்டு. தாத்தா காலத்துப் பெட்டியை வெளியே காட்டினால் வனத்துறை கேஸ் போட்டுவிடுமோ என்று பயந்து, பரணிலேயே விட்டுவிடுகிறார்கள். சிலர் எரித்தும் விடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நீங்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரோடு பேசி, பழைய சேகரிப்பைத் தானாக முன்வந்து பதிவு செய்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும், அவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று தமிழில் தெளிவாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட வேண்டும். இது ஒன்று வந்தாலே எத்தனையோ பெட்டிகள் பரணிலிருந்து இறங்கும். அதேபோல, திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கப்படும் அரிய இனங்களுக்குத் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் காட்டாமல் மறைத்து வைக்கவும் ஏற்பாடு வேண்டும். ஆய்வாளர் எழுதிக் கேட்டால் கொடுக்கலாம்.

இணையப் பக்கம் தமிழில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019-ல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தோம். அதை என் மாணவர்கள் தமிழில் தேடினால் செய்தித்தாள் துணுக்குகள்தான் வருகின்றன. எங்கள் மலையில் எந்த ஊரில், எந்த மாதம் பறந்தது என்று ஒரு பக்கம்கூட இல்லை. லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயரும், படுக, தோடர், கோத்தர், குறும்பர், இருளர் மக்கள் சொல்லும் பெயரும் எழுத இடம் விடுங்கள். பெருந்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் என்று தேனீக்களைப் பிரித்து, எது எந்தப் பூவுக்குப் போகும், எந்த மாதம் எந்தப் பாறைக்கு வரும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த அறையில் ஒரு நாற்காலி வேண்டும், கூலியோடு.

லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் பாரிசுக்கும் உங்கள் துறையின் பெயரில் கடிதம் போக வேண்டும். பூச்சிகளைத் திருப்பிக் கேட்பது வேறு விவாதம்; அதற்குள் போக வேண்டாம். நீலகிரி, பழனி என்று லேபிள் உள்ளவற்றின் படங்களையும் விவரங்களையும் முன்னுரிமை கொடுத்து ஏற்றுங்கள், ஊர்ப் பெயர்களை நாங்கள் சரிபார்த்துத் தருகிறோம் என்று கேட்டால், மறுக்கக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. அவர்களுக்கும் அது உதவிதானே.

எங்கள் மலையில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று காய்ந்திருக்கும். பெட்டிகளைத் திறக்க அதுதான் ஏற்ற காலம். அதற்கு முன்பாக, இரண்டு மலைகளிலும் உள்ள கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, எத்தனை பெட்டிகள், என்ன நிலை, லேபிள் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் வாங்குங்கள். அதுவரை எந்தப் பெட்டியையும் கழித்துக்கட்டக் கூடாது என்று அதே சுற்றறிக்கையில் ஒரு வரி சேருங்கள். கணக்கெடுக்க ஆள் வேண்டுமென்றால் குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துக்கு நானும் என்னோடு சில ஆசிரியர்களும் சனி, ஞாயிறுகளில் வரத் தயார்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு விலங்கியல் ஆசிரியை